அம்மியை விடுங்கள், மிக்ஸியைப் படமெடுங்கள்: ஊர்ப்புற நூலகர்களுக்கும் வாசகர் வட்டத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் நூலகத்தில் ஊர் வரலாற்றுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தால் அதில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், தேரோட்டப் படங்கள், தலைவர்கள் வந்துபோன செய்தித்தாள் நறுக்குகள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் விழாவும் தேர்தலும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் உங்கள் ஊரில் டீ என்ன விலை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, தண்ணீர் கேன் எந்த வண்டியில் வந்தது, மதியம் மூன்று மணிக்குத் தெருவில் என்ன சத்தம் கேட்டது என்று யாராவது தேடி வந்தால் அந்தத் தட்டில் ஒன்றும் கிடைக்காது. விழாவைப் படமெடுக்கப் பத்துப் பேர் முண்டியடிப்பார்கள். செவ்வாய்க்கிழமையை எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறோம்.

ஆவணங்களைத் திரட்டிப் பேணுவது எங்கள் வேலை. அந்த உரிமையில் கேட்கிறோம்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் ஊரின் அன்றாடத்துக்கென்று ஒரு பதிவேடும் ஒரு பெட்டியும் தொடங்குங்கள். மாதத்தில் ஒரு நாள், வாசகர் வட்டத்தில் நாலைந்து பேர், இரண்டு மணி நேரம் போதும். எதை எடுப்பது, எப்படி எடுப்பது, எங்கே கெட்டுப்போகும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

இது புதுச் சிந்தனை ஒன்றுமில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கப்பல் போனது, சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று அன்றாடத்தையெல்லாம் அவர் குறித்துவைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) 400 பேரின் பெயர்களையும், அவரவர் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதையும் சொல்கிறது. வெட்டியவருக்கு அது வெறும் கணக்கு. நமக்கோ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெரு.

இங்கிலாந்தில் 1937-இல் ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்றொரு முயற்சி தொடங்கியது. பொதுமக்களையே பார்வையாளராக்கி, தங்கள் அன்றைய நாளை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னார்கள். வண்டியோட்டிகள் போடும் கூச்சல், தாடி, குளியலறைப் பழக்கம் எல்லாம் ஆராயத்தக்கவை என்று அதன் தொடக்ககால அறிவிப்பு பட்டியலிட்டபோது சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அந்தக் குவியல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி 1939 முதல் 1960-களின் நடுப்பகுதிவரை அவர்களுக்கு எழுதிய நாட்குறிப்பு, போர்க்காலத்து அடுப்படி எப்படி நடந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, விலையோ அளவோ இருக்கிறது. இந்த நான்கும் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இருபது ஆண்டில் ‘ஏதோ ஒரு பழைய படம்’ ஆகிவிடும். நான்கும் இருந்தால் மங்கலான படம்கூட ஆதாரம். படமெடுக்கப் பத்து நிமிடம் என்றால் குறிப்பெழுத இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வரும் தொகுப்புகளில் இந்த விகிதம் எப்போதும் தலைகீழாகத்தான் இருக்கிறது.

சரி, எதை எடுப்பது? அன்றாடத்தைப் பதிவு செய்வோம் என்றதும் முதலில் கிளம்புவது பாரம்பரிய மோகம். அம்மி, உரல், மாட்டுவண்டி, திண்ணை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவற்றை ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்தாகிவிட்டது. நாளை காணாமல் போகப்போவது இன்று சலிப்பூட்டுகிற பொருள்கள்தான்: மிக்ஸி, பிளாஸ்டிக் குடம், 20 லிட்டர் தண்ணீர் கேன், செல்போன் ரீசார்ஜ் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டு, ரேஷன் கடை இருப்புப் பலகை, பேருந்து நிலையச் சுவரில் பெயின்ட்டில் எழுதிய கால அட்டவணை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மின்கணக்கீட்டு அட்டை, பால் சொசைட்டி அட்டை. கோட்டையூர் ரோஜா முத்தையா, அச்சான தாள் எதுவானாலும் பொருட்படுத்திச் சேர்த்தார். நூல்களோடு நாடக நோட்டீசும் அழைப்பிதழும் அவரிடம் சேர்ந்ததால்தான் அவர் பெயரிலான ஆய்வு நூலகத்துக்குப் போகிறவருக்கு இன்று அவை கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் மட்டும் எத்தனை தகவல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: படிப்பு, வேலை, வெளிநாட்டு ஊர், மண்டபம், அச்சகம், யார் பெயருக்குப் பக்கத்தில் என்ன பட்டம்.

எந்தத் தெருவில் எடுப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். விட்டால் கோயில் தெருவில் தொடங்கி கடைத்தெருவில் முடியும். காலனிப் பக்கம் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போகும். இப்படித் தள்ளிப்போட்டே பாதி ஊரை விட்டுவிட்ட தொகுப்புகள் ஏராளம். வார்டுவாரியாகத் தெருக்களுக்கு எண் கொடுங்கள், சீட்டுக் குலுக்குங்கள், வந்த தெருவுக்குப் போங்கள். நேரத்தையும் அப்படியே குலுக்கலாம். காலை ஆறு மணித் தெருவும் பிற்பகல் இரண்டு மணித் தெருவும் ஒன்றல்ல.

படம் பற்றி. செல்போன் போதும். முதலில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், இடக்குறிப்பை இயக்குங்கள். அழகூட்டும் வசதி, பின்னணியை மங்கலாக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். பின்னணியில்தான் பாதிச் செய்தி இருக்கும். ஒரு கடை என்றால் தெருவோடு சேர்த்து ஒன்று, கடை முழுதும் தெரிய ஒன்று, கைவேலை தெரிய அருகில் ஒன்று, விலைப்பலகை படிக்கும்படி ஒன்று. சிறு பொருளை எடுக்கும்போது பக்கத்தில் 15 செ.மீ. அடிக்கோல் வையுங்கள், இல்லாவிட்டால் குடத்துக்கும் செம்புக்கும் அளவு தெரியாது. பளபளப்பான தாள் என்றால் பிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஓரமாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள்.

ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எடுக்கும் படத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நின்ற இடத்தை ‘மளிகைக்கடை எதிரில்’ என்று எழுதினால் கடை மாறியதும் போச்சு. மின்கம்பத்தின் எண்ணைக் குறித்து, அதிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை நோக்கி என்று எழுதுங்கள். கம்பத்தையும் ஒரு நாள் மாற்றுவார்கள் என்பதால் பக்கத்தில் உள்ள பாலம், பள்ளிச் சுவர் போன்ற இன்னொரு அடையாளமும் தேவை. ஜூம் செய்யாமல், அகலக் கோணம் இல்லாமல், சாதாரண லென்சில் எடுத்தால் அடுத்த ஆண்டு படத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

எடுத்த படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டு அங்கிருந்து இறக்கிச் சேமிப்பதுதான் இப்போது பெரிய நாசம். வாட்ஸாப் படத்தின் அளவைச் சுருக்குகிறது. எடுத்த நேரம், இடம் ஆகிய உள்விவரங்களையும் நீக்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் வரும் தேதி, படம் வாட்ஸாப் வழியே போன தேதி. எடுத்த தேதி அல்ல. பழைய படத்தை நேற்று யாரோ பகிர்ந்தால் நேற்றைய படம் என்றே அது பதிவாகும். கேபிள் போட்டு நேரே கணினிக்கு மாற்றுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒலியைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதே இல்லை. மாவு மில், பள்ளி மணி, நடத்துநர் ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி. தெருவில் கூவி விற்றவர்களின் குரலைப் பதிவு செய்யாமல் விட்டோம். இப்போது அவர்களே குரலைப் பதிவு செய்து ஓடவிட்டுக்கொண்டு வருகிறார்கள், அதையாவது பிடித்துவைப்போம். செல்போனில் தானாக வரும் பதிவுச் செயலி பெரும்பாலும் ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும். ‘வேவ்’ வடிவில் பதியும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்.பி. பிடிக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். வெட்டவெளியில் மைக்கின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைச் சுற்றினால் காற்றிரைச்சல் குறையும். ஆரம்பத்தில் நீங்களே தேதி, நேரம், இடம், பதிவது யார், என்ன என்று சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் கூடவே இருக்கும். பிறகு வாயைத் திறக்காமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஆளை உட்கார வைத்துப் பேச்சைப் பதிவதென்றால் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். மேசைமேல் போனை வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாகக் கேட்கும். அடியில் துண்டை மடித்துப் போடுங்கள். மின்விசிறியை அணைக்க வேண்டும். வெயிலில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனால் விசிறி இரைச்சலைப் பிறகு முழுதாக நீக்க முடியாது.

கேள்வி எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது பாதி. ‘அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு பாட்டி?’ என்றால் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்றுதான் பதில் வரும். ‘நேத்துக் காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?’ என்று கேளுங்கள். இட்லிக்கு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, எதால் அளந்தீர்கள் என்று பாத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஒரு ஆழாக்கு’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். கணக்குப்படி எட்டு ஆழாக்கு ஒரு படி என்றாலும், வீட்டில் ஆழாக்கு என்று வழங்கும் டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். அதில் தண்ணீர் ஊற்றி மில்லி அளவுக் குவளையில் அளந்து குறியுங்கள். பேச்சை எழுத்தில் இறக்கும்போது திருத்தாதீர்கள். அவர் ‘வெஞ்சனம்’ என்றால் வெஞ்சனம்தான், ‘தொட்டுக்கொள்ளும் கறி’ என்று நீங்கள் மாற்றக் கூடாது.

இன்னொரு சிக்கல், கேமராவைக் கண்டதும் வீடு மாறிவிடும். கொடியில் கிடந்த துணி உள்ளே போகும், நாற்காலி வரும், அம்மா பட்டுப்புடவைக்குப் போவார். முன்கூட்டியே சொல்லிவைத்து, முதல் முறை படமே எடுக்காமல் பேசிவிட்டு வந்து, இரண்டாம் முறை எடுப்பது ஓரளவு உதவும். கொடியில் துணி கிடக்கிற படம்தான் நமக்கு வேண்டும் என்பதை வெளிப்படையாகவே சொல்லலாம். சங்கடப்பட்டால் வற்புறுத்தாதீர்கள்.

இசைவு வாங்குவதைப் பற்றி. ஒரு பக்கத் தாள் போதும், அதில் மூன்று தெரிவுகள்: யாரும் பார்க்கலாம், நூலகத்துக்குள் மட்டும் பார்க்கலாம் (இணையத்தில் கூடாது), இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம். வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடாதவர் என்றால் வாய்மொழி இசைவை ஒலியாகப் பதியலாம். அடுப்படியைப் படமெடுக்க அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் கேட்க வேண்டும், திண்ணையில் இருக்கும் கணவரின் தலையசைப்பு கணக்கில் வராது. குழந்தைகளுக்குப் பெற்றோர் இசைவு. ரசீது, அட்டை எதுவானாலும் ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றின் மேல் தாள் துண்டு வைத்து மறைத்த பிறகே நகலெடுங்கள்.

தாள்களில் இன்று மிக வேகமாக அழிவது தெர்மல் ரசீது. பேருந்துச் சீட்டு, ரேஷன் பில், ஏ.டி.எம். சீட்டு எல்லாம் இந்த வகை. அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகிறது. வெளிச்சத்திலும் சூட்டிலும் வெளிறும், பி.வி.சி. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். கிடைத்த வாரமே படமெடுத்துவிடுங்கள், அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் செய்தால் அந்தச் சூட்டில் சீட்டு முழுதும் கறுத்துவிடும். தெர்மல் அல்லாத தாளுக்கும் லேமினேஷன் வேண்டாம், பிரித்தெடுக்க முடியாது.

நாட்குறிப்போ பதிவேடோ, நூலால் தைத்த கெட்டி அட்டை நோட்டில் எழுதுங்கள். சுருள் கம்பியும் ஸ்டேப்ளரும் கடலோர ஊர்களில் இரண்டு மழைக்காலத்தில் துருவேறித் தாளைத் தின்னும். எழுத பென்சில் உத்தமம்: வெளிறாது, நனைந்தாலும் கலையாது. பேனாதான் வேண்டும் என்றால் பால்பாயின்ட். நீரில் கரையும் மை நிரப்பும் பேனாவும், நிறமி மை இல்லாத ஜெல் பேனாவும் ஒரு ஒழுகலைத் தாங்காது. செல்லோடேப் சில ஆண்டில் பழுப்பாகிக் கறைவிடும். மைதாப் பசையால் ஒட்டினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஒட்டாமல், எண் எழுதிய காகித உறையில் தனித்தனியே போடுவதே போதும். அந்துருண்டையை அள்ளிப் போடுவதால் பயனைவிட நெடிதான் மிச்சம். பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது அதைவிட நல்ல மருந்து.

பெட்டி தரையில் இருக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்துவிட்டால் முதல் இரண்டு நாள்தான் அவகாசம், அதற்குள் பூஞ்சை கிளம்பிவிடும். வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளிறும். நிழலில், மின்விசிறிக் காற்றில், வெள்ளைத் துணிமேல் பரப்புங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய பழைய புகைப்படங்களை அப்படியே காயவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசிப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி காயவையுங்கள். உடனே கவனிக்க ஆளில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி யார் வீட்டு பிரிட்ஜிலாவது ப்ரீசரில் வைத்துவிட்டு, நிதானமாக எடுத்து உலர்த்தலாம்.

வீடுகளில் உள்ள பழைய படங்களை இரவல் வாங்கி நகலெடுக்கும்போது ஸ்கேனரில் எழுத்துத் தாளுக்கு 300, புகைப்படத்துக்கு 600 டி.பி.ஐ. வையுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, கிறுக்கல் எல்லாம் அங்கேதான். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்னுருவாக்கியது. இலங்கையில் 2005 முதல் நூலகம் நிறுவனத்தினர் தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட மண்ணில், ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் மூன்று பிரதிகள்: ஒன்று நூலகக் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஊருக்கு வெளியே. மாவட்ட மைய நூலகமோ இணையச் சேமிப்போ, எது முடிகிறதோ அது. பென் டிரைவை எடுத்துச் செல்லத்தான் பயன்படுத்த வேண்டும், சேமித்துவைக்க அல்ல. ஹார்ட் டிஸ்கை ஆண்டுக்கு ஒருமுறை இணைத்துச் சில கோப்புகளையாவது திறந்து பாருங்கள், ஐந்தாண்டு வாக்கில் புதியதற்கு மாற்றுங்கள். கோப்பின் பெயர் 2025-07-08-014 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என்று இருந்தால் தானாகவே கால வரிசையில் அமையும். விவரமெல்லாம் பதிவேட்டில், அதே எண்ணின் எதிரே. கணினிப் பதிவேட்டை யூனிகோடில் மட்டும் தட்டச்சுங்கள். பாமினியிலும் வானவில்லிலும் தட்டிய பழைய கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிக்கூட்டமாகத் திறப்பதை நூலகர்கள் அறிவீர்கள்.

ஆரம்ப வேகத்தில் ஒரே நாளில் நானூறு படம் எடுத்துவிட்டு, குறிப்பெழுத முடியாமல் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவது எல்லாக் குழுக்களுக்கும் நேர்வதுதான். மாதம் பத்துப் பதிவு என்று வரம்பு வையுங்கள். அன்றே உட்கார்ந்து, கலைந்துபோகுமுன் பத்துக்கும் குறிப்பெழுதி முடியுங்கள். முதல் மாதத்துக்கு ஒரு டீக்கடை விலைப்பலகை, ரேஷன் கடை இருப்புப் பலகை, பேருந்து அட்டவணை, ஒரு தெருவின் ஐந்து நிமிட ஒலி, ஒருவரின் நேற்றைய நாள் என்று தொடங்கலாம்.

நூலகர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தப் பெட்டியையும் பதிவேட்டையும் ஹார்ட் டிஸ்கையும் நூலக இருப்புப் பதிவேட்டில் முறையாக எண்ணிட்டு ஏற்றிவிடுங்கள். ஆர்வமுள்ள நூலகர் பணிமாறுதலில் போனதும், பட்டியலில் இல்லாத நோட்டுக் கட்டு பழைய நாளிதழ்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகிறது. பொறுப்பு ஒப்படைக்கும்போது கையெழுத்திட்டு வாங்க வேண்டிய பொருளாக அது இருந்தால், அடுத்து வருகிறவருக்கு இதில் ஆர்வம் இல்லாவிட்டாலும் பெட்டி அங்கேயே இருக்கும்.

அன்புடன்,
ஆவணப் பணியில் இருக்கும் சிலர்